வில் அக்கா

அவருக்கு வேறு பெயர் உண்டு. வகுப்பில் சேர்ந்த அன்று ஒரு முறை சொன்னார், அதோடு சரி. அப்புறம் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிடவில்லை. எங்களுக்கு அவர் வில் அக்கா. ஆங்கிலத்தில் நாளைக்கு, அடுத்த வாரம், அடுத்த வருஷம் என்று வரப்போகிறதைச் சொல்லும்போது வினைச்சொல்லுக்கு முன்னால் வந்து உட்காருகிறதே, அந்த வில். ஆனால் அக்கா அதைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால் அம்பு விடுகிற வில்லோ என்றுதான் தோன்றும்.

வடசென்னை டோல்கேட்டில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. எனக்கு அப்போது ராயபுரத்தில் வேலை. கப்பலில் வரும் சரக்கை க்ளியர் செய்து கொடுக்கும் அலுவலகம். ஆங்கிலத்தில் போன் வந்தால் எடுத்து, "ஹலோ, ஒன் மினிட்" என்று சொல்லி அடுத்த மேஜைக்காரரிடம் கொடுத்துவிடுவேன். என் ஆங்கிலம் அவ்வளவுதான். அடுத்த மேஜைக்காரர் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல்தான் நான் அந்த மாடிப்படி ஏறினேன்.

எங்கள் சாருக்கு நாற்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. விம்கோ நகரில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். எனக்குப் பக்கத்தில் உட்காருபவர் காதர் பாய், துறைமுகத்துக்கு கண்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறவர். துபாய்க்குப் போய் அங்கே ட்ரெய்லர் ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. இன்னும் நாலைந்து பேர் இருந்தோம். வகுப்பு ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தபோது அக்கா வாசலில் வந்து நின்றார். நல்ல உயரம், நல்ல பருமன், தலையில் இறுக்கமான கொண்டை.

"கீய போர்டு வெச்சிக்கிறது யாரு?" என்றார்.

சார் பயந்துவிட்டார். "நான்தான். ஏம்மா, போர்டு யார் தலையிலயாவது இடிச்சிடுச்சா?"

"அதெல்லாம் இல்ல. 'மூன்றே மாதத்தில் நீங்களும் ஆங்கிலம் பேசுவீர்கள்'னு போட்டுக்கீது. நான் டெய்லி அந்தாண்டதான் போறேன். நீங்களும்னா அதுல நானும் உண்டுதானே? நான் பேசலன்னா போர்டு பொய்யாப் பூடுமில்ல? அதான் வந்தேன்."

நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. எங்களுக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

அக்கா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். விடிவதற்கு முன்னால் எழுந்து, மத்தியானத்தோடு வியாபாரத்தை முடித்துவிடுவார். வகுப்புக்கு வருவதற்கு முன்னால் எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டு வருவார். அதனால் அவரிடம் மீன் வாடையும் வராது, எலுமிச்சை வாடையும் வராது. இரண்டுக்கும் நடுவில் ஊறுகாய் மாதிரி ஒன்று வரும்.

இறந்த காலம் நடத்தியவரைக்கும் ஒரு வம்பும் இல்லை. அதில் அக்காதான் முதல். "ஐ சோல்ட் ஃபிஷ். ஐ வென்ட் டு பேங்க். மை ப்ரதர் ஃபெல் இன் வாட்டர்" என்று மடமடவென்று சொல்வார். எல்லாம் நடந்தது. தம்பி உண்மையிலேயே தண்ணீரில் விழுந்திருந்தார். வம்பு எதிர்காலத்தில் ஆரம்பித்தது.

சார் கரும்பலகையில் பெரிதாக 'வில்' என்று எழுதி, ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். "கற்பனையா சொல்லுங்க. வாயில வர்றத சொல்லுங்க. பயப்படாதீங்க."

ஒருவர் லண்டனுக்குப் போவேன் என்றார். ஒரு பெண் அரண்மனை கட்டுவேன் என்றாள். காதர் பாய் எழுந்து, "ஐ வில் பை அன் ஏரோப்ளேன்" என்றார். எல்லோரும் கை தட்டினோம்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். "மெய்யாலுமா பாய்?"

"இன்னாக்கா?"

"ஏரோப்ளேன் வாங்குவேன்னியே, மெய்யாலுமா? எங்க நிப்பாட்டுவ? எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் நிக்கவே எடம் இல்லியே."

பாய் சாரைப் பார்த்தார். சார், "அது சும்மா, பயிற்சிக்காகம்மா. நீங்க சொல்லுங்க, டுமாரோ என்ன செய்வீங்க?" என்றார்.

அக்கா எழுந்து நின்றார். விட்டத்தைப் பார்த்தார். விரலை மடக்கினார், நீட்டினார். வகுப்பே காத்திருந்தது. கடைசியில், "ஐ வில் செல் ஃபிஷ்" என்றார்.

"அது தினமும் செய்றதுதானே? புதுசா சொல்லுங்க. லண்டன் போவேன்னு சொல்லுங்களேன்."

"அங்க எனக்கு இன்னா வேலை?"

"வேலை இல்லம்மா. சொல்லிப் பாக்கறதுதான்."

"சொல்லிட்டா அப்பால போவணுமே சார். நாளிக்கு வஞ்சிரம் வரும்னு சொல்லிக்கிறாங்க. நான் எப்டிப் போறது?"

இதுதான் அக்கா. நாளைக்குச் செய்வேன் என்று ஒன்றைச் சொன்னால் செய்துவிட வேண்டும். செய்ய முடியாததைச் சொல்லக் கூடாது. அது தமிழாக இருந்தாலும் சரி, ஆங்கிலமாக இருந்தாலும் சரி, பயிற்சியாக இருந்தாலும் சரி. அடுத்தவர் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவார். மறுநாள் வந்து விசாரிப்பார். லண்டன் போவேன் என்றவர் இரண்டு வாரம் அக்காவின் கண்ணில் படாமல் கடைசி பெஞ்சில் ஒளிந்து உட்கார்ந்தார்.

ஒரு நாள் சார், தான் சொல்வதை எல்லோரும் கூடவே திருப்பிச் சொல்லும் பயிற்சி வைத்தார். "ஐ வில் ட்ரிங்க் வாட்டர்" என்றார். நாங்களும் சொன்னோம். அக்கா சொல்லிவிட்டு பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்கு குடித்தார். சார் கவனிக்கவில்லை. "ஐ வில் ஓபன் த விண்டோ" என்றார். நாங்களும் கோரஸாகச் சொன்னோம். அக்கா எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

அந்த ஜன்னலை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. சட்டமும் கதவும் சேர்ந்து ஒரே பச்சை பெயிண்டுக்குள் ஒட்டிக் கிடந்தன. அக்கா தாழ்ப்பாளை இழுத்தார், வரவில்லை. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தோளால் ஒரு மோது மோதினார். கீழே பேட்டரிக் கடைக்காரர், "மேல இன்னாய்யா இடிக்கிறீங்க?" என்று கத்தினார். இரண்டாவது மோதலில் ஜன்னல் திறந்துகொண்டது. திருவொற்றியூர் நெடுஞ்சாலை மொத்தமும் உள்ளே வந்தது. புழுதி, டீசல் புகை, ட்ரெய்லர் ஹாரன், பஸ் கண்டக்டர் விசில், எல்லாம்.

சார் பதறிப்போய், "ஐ வில் க்ளோஸ் த விண்டோ!" என்றார்.

அக்கா அதையும் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னார். கதவை இழுத்தார். கதவு அவர் கையோடு வந்துவிட்டது.

ஜன்னல் கதவை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் முகத்தில் அப்படி ஒரு கலக்கம். கதவு உடைந்ததற்காக அல்ல. மூடுவேன் என்று வாயால் சொல்லிவிட்டாரே! மறுநாள் ஒரு தச்சரை அழைத்து வந்தார். சட்டம் முழுக்கக் கரையான், ஆணி நிற்காது என்று தச்சர் கையை விரித்துவிட்டார். அதற்கு அடுத்த நாள் படகில் போர்த்துகிற நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து, நாலு மூலையிலும் கயிறு போட்டு இழுத்துக் கட்டிவிட்டு, "க்ளோஸ் பண்ட்டேன் சார்" என்றார். அப்புறம்தான் அவர் முகம் தெளிந்தது.

தார்ப்பாய் புழுதியைத் தடுத்தது, சத்தத்தைத் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் ஆங்கிலம் படித்ததெல்லாம் கத்தித்தான். இன்றைக்கும் என் ஆங்கிலம் தாழ்ந்த குரலில் வராது. போனில் ஆங்கிலத்தில் பேசினால், சண்டை போடுகிறேன் என்று மேனேஜர் எழுந்து வருவார்.

நானும் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். என் முறை வந்தபோது, நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ள, "டுமாரோ ஐ வில் கெட் அப் அட் ஃபைவ் ஓ க்ளாக்" என்று சொல்லிவைத்தேன். மறுநாள் இருட்டில் போன் அடித்தது. பின்னால் ஏலம் கூவுகிற சத்தம்.

"எயுந்துட்டியா நைனா?"

"யாரு?"

"நான்தான்யா. அஞ்சி மணின்னியே. மணி ஆயிடுச்சி."

எழுந்தேன். அடுத்த நாளும் போன் வந்தது. அதற்கு அடுத்த நாளும். பொறுக்க முடியாமல், "அக்கா, நான் 'டுமாரோ'ன்னுதானே சொன்னேன்? அந்த ஒரு நாளுக்குத்தான்" என்றேன்.

"ஆமா இல்ல? மெய்தான். அத்த நீ மொதல்லயே சொல்லிருக்கக் கூடாதா? ரெண்டு நாளா ஒன்ன தூங்கவுடாம பண்ட்டேனே" என்று வருத்தப்பட்டு வைத்துவிட்டார். அப்புறம் போன் வரவில்லை. எனக்கு என்னவோ மாதிரி இருந்தது.

யாராவது அவருக்கு வாக்குக் கொடுத்து ஏமாற்றியிருப்பார்கள், அதனால்தான் இப்படி இருக்கிறார் என்று நான் ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் கேட்டும்விட்டேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன யாரு ஏமாத்துவா? ஏலத்துல ஒரு வெலய வாயால சொல்லிட்டன்னா மீனு உன்னுது. பேப்பரா கீது, கையெயுத்தா கீது? வாய்தான். அப்பால போயி, 'சும்மா சொன்னேன், பயிற்சிக்கு சொன்னேன்'னா கூடயாலயே அடிப்பாங்கோ." அவ்வளவுதான் காரணம். என் கதை வீணாய்ப் போனது.

எல்லோருக்கும் அக்காவைப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். காதர் பாய்க்கு ஒரு கட்டத்தில் அவரைப் பார்த்தாலே குலை நடுங்கியது. அதற்குக் காரணம் இருக்கிறது. பாய் தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டிருந்தார், ட்ரெய்லர் ஓனர் கொடுக்கவில்லை. அந்தக் கடுப்போடு வகுப்புக்கு வந்தவர், வாக்கியம் கேட்டதும் எழுந்து நின்று, "ஐ வில் கில் மை ஓனர்!" என்றார். இலக்கணம் சுத்தமாக இருந்ததால் சார் பாராட்டினார்.

மறுநாள் காலை அக்கா மீன்கூடையோடு அந்த ஓனரின் லாரி நிறுத்தும் இடத்துக்கே போய்விட்டார். அங்கே நடந்ததை வாட்ச்மேன் பாயிடம் சொல்ல, பாய் எங்களிடம் சொன்னார். அக்கா ஓனரைப் பார்த்து இப்படிச் சொல்லியிருக்கிறார்: "சார், பாய் ஒன்ன கொல்லப் போறாரு. நாளிக்குன்னு சொல்லல, அடுத்த வாரம்னும் சொல்லல. அதனால டைம் கீது. அதுக்குள்ள லீவ குடுத்துடு."

ஓனர் போன் செய்து, "காதரு, எத்தினி நாள் லீவு வேணும்பா?" என்று குரல் நடுங்கக் கேட்டாராம். லீவு கிடைத்துவிட்டது. ஆனால் பாய் அன்று சாயங்காலம் வகுப்பில் குதி குதி என்று குதித்தார்.

"அக்கா, நான் சும்மா சொன்னேங்க்கா! போலீஸுக்குப் போயிருந்தா என் துபாய் என்னாவுறது?"

"சும்மா இன்னாத்துக்கு சொன்ன? அதுவும் எயுந்து நின்னு சொன்ன. அப்ப கொல்ல மாட்டியா?"

"மாட்டேன்!"

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்!"

"அத்தயும் இங்கிலீஷ்ல சொல்லு."

பாய் சாரைப் பார்த்தார். சார் அன்றுதான் 'வில் நாட்' நடத்தினார். "ஐ வில் நாட் கில் மை ஓனர்" என்று பாய் சொன்ன பிறகுதான் அக்கா உட்கார்ந்தார்.

இதற்கு மேல் வம்பு வேண்டாம் என்று சார் 'கோயிங் டூ'வுக்குத் தாவினார். முன்பே முடிவு செய்துவைத்த காரியத்துக்கு 'கோயிங் டூ' போட வேண்டும் என்று விளக்கி, உதாரணம் எழுதினார். "ஐ ஆம் கோயிங் டு விசிட் மை மதர் ஆன் சண்டே." ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போகிறேன். எல்லோரும் எழுதிக்கொண்டோம்.

திங்கட்கிழமை அக்கா உள்ளே வந்ததும் முதல் கேள்வி, "அம்மா எப்டி கீறாங்கோ சார்?"

"எந்த அம்மா?"

"உங்க அம்மா. நேத்து பாக்கப் போறேன்னியே."

"அது உதாரணம்மா."

"உதாரணத்துக்கு அம்மா இல்லியா?"

"இருக்காங்க. பெரம்பூர்ல."

"பெரம்பூர் இன்னா டில்லிலயா கீது? முடிவு பண்ட்டேன்னு வேற சொன்னியே."

சார் பேச்சை மாற்றினார். அடுத்த வகுப்பில் உதாரணத்தையே மாற்றி, ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்குப் போகப் போகிறேன் என்று எழுதினார். அக்கா கையைத் தூக்கினார்.

"அம்மாவப் பாக்காத ஊட்டிக்குப் போறியா சார்?"

சார் முகம் சிவந்துவிட்டது. சாக்பீஸைத் தூக்கிப் போட்டார். "நான் எங்க போனா உங்களுக்கு என்னம்மா? ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உங்ககிட்ட கணக்கு சொல்லணுமா? நீங்க நாளைலேர்ந்து இந்த க்ளாஸுக்குள்ள வராதீங்க!"

அக்கா பையை எடுத்துக்கொண்டார். "சரி சார்" என்றார். படி இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் வகுப்பு சப்பென்று இருந்தது. ஒருவர் கப்பல் வாங்குவேன் என்றார், யாரும் கேட்கவில்லை. இன்னொருவர் சந்திரனுக்குப் போவேன் என்றார், யாரும் கேட்கவில்லை. யார் எங்கே போனால் என்ன என்றிருந்தது. சார் சுவாரசியமே இல்லாமல், "வாட் வில் யூ டூ டுமாரோ?" என்று பொதுவாகக் கேட்டார்.

"ஐ வில் செல் ஃபிஷ்!" என்று தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது.

சார் ஓடிப்போய்த் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். நாங்களும் எட்டிப் பார்த்தோம். பேட்டரிக் கடைக்கு எதிரே நடைபாதையில் அக்கா ஒரு காலி மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"உள்ளதான வரக்கூடாதுன்ன? நான் வெளியதான் கீறேன்!" என்று கத்தினார். ஒரு ட்ரெய்லர் குறுக்கே போயிற்று. அது போனதும், "மூணு மாசம் இன்னும் ஆவல சார்! போர்டு கீதே!" என்றார்.

சார் தார்ப்பாயை விட்டார். மேஜைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம். "பாய், போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அக்கா வந்து உட்கார்ந்ததும் சார் விஷயத்தைச் சொன்னார். அவர் அம்மா ரயில்வே அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தன் ஆங்கிலத்தின் மேல் அவருக்குப் பெரிய பெருமை. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் நடுவில் அம்மா கம்பீரமாக, "மை சன் வில் கம்ஸ் டுமாரோ வித் கார்" என்றிருக்கிறார். சார் அங்கேயே, எல்லோருக்கும் கேட்கும்படி, "கம்ஸ் இல்லம்மா. வில் வந்தா வெறும் கம்" என்று திருத்திவிட்டார். கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அன்றிலிருந்து அம்மா பேசுவதில்லை.

"அப்புறம் நான் போகவே இல்ல. போர்டுல மட்டும் எழுதறேன். ஒவ்வொரு பேட்சுக்கும் அதே வாக்கியம்தான் வருது, கை பழகிடுச்சு" என்றார் சார்.

அக்கா நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். பிறகு, "ஞாயித்துக்கெயம நாங்களும் வர்றோம்" என்றார். அவர் சொல்லிவிட்டதால் அது முடிந்த காரியம் ஆகிவிட்டது.

காதர் பாய் தன் மச்சானின் ஷேர் ஆட்டோவை வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா மடியில் ஒரு பை நிறைய சங்கரா மீன். சார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வியாசர்பாடி தாண்டும்போது, "பாய், திருப்பிடுங்களேன்" என்றார். பாய் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். ஆட்டோவைத் திருப்பவில்லை.

கதவைத் திறந்த அம்மா ஒல்லியாக, நிமிர்ந்து நின்றார். மூக்குக் கண்ணாடி, கையில் ஆங்கிலப் பேப்பர். மகனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். உள்ளே திரும்பிப் போனார். ஆனால் கதவைச் சாத்தவில்லை. நாங்கள் வரிசையாக உள்ளே போய் உட்கார்ந்தோம்.

"நாங்கள்லாம் உங்க புள்ளையாண்ட இங்கிலீஷ் படிக்கிறோம்மா" என்றார் அக்கா.

"அவன்கிட்டயா? பாவம்" என்றார் அம்மா. பிறகு அக்காவிடமே, "அவன் சாப்பிட்டானான்னு கேளுங்க" என்றார்.

"நீங்களே கேளுங்கோ. எதுருலதான கீறாரு."

"ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கேன். சொன்னா சொன்னதுதான்."

அக்காவின் முகம் அப்படியே மாறிவிட்டது. கண்ணில் ஒரு மரியாதை வந்தது. இத்தனை நாளில் எங்களில் ஒருவரையும் அவர் அப்படிப் பார்த்ததில்லை. சார் பக்கம் திரும்பி, "சார், அம்மா சொல்லிட்டாங்களே. இப்ப இன்னா பண்றது?" என்றார்.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, நீ யாரு பக்கம்க்கா?"

அக்கா அம்மா பக்கம் சாய்ந்துவிட்டால் நாங்கள் மீனைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா விட்டத்தைப் பார்த்தார். விரலை மடக்கினார், நீட்டினார்.

"ஒரு வார்த்தைன்னுதான சொன்னீங்கோ?" என்றார் கடைசியில்.

"ஆமா."

"அப்ப மூணு நாலு வார்த்தையா பேசுங்களேன்."

அம்மா அக்காவையே உற்றுப் பார்த்தார். அவர் உதட்டோரம் ஒரு முறை துடித்தது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பேப்பரை மடித்து வைத்தார். மகனை நேராகப் பார்த்தார்.

"யூ வில் ஈட்ஸ்?" என்றார்.

சாரின் வாய் திறந்தது. 'ஈட்ஸ் இல்லம்மா' என்று சொல்வதற்காக உதடு குவிவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அக்கா அவர் காலை நன்றாக மிதித்தார்.

சார் வாயை மூடினார், காலை இழுத்துக்கொண்டார். "எஸ் அம்மா" என்றார். "ஐ வில் ஈட்ஸ்."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரத்தின் மூடி ஓசை கேட்டது. உள்ளேயிருந்து குரல் வந்தது. "வில் யூ ஈட் ரசம் ஆல்ஸோ?"

சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் மனதுக்குள் ஒரு முறை சரிபார்த்தேன். அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.

அக்கா மீனைக் கழுவி வறுத்தார். சார் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா ஆங்கிலத்தில் மட்டும்தான் அவரிடம் பேசினார், எல்லாம் மூன்று வார்த்தைக்குக் குறையாமல். திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா கேட்டார்.

"சார், ஈட்ஸா, ஈட்டா?"

"ஈட்."

"அப்ப நீ சொன்னது தப்பா?"

"தப்புதான்மா."

"சாப்ட்டியா இல்லியா?"

"சாப்பிட்டேனே."

"அப்பால இன்னா தப்பு?"

இலக்கணப் புத்தகம் எழுதுகிற அளவுக்குப் படித்த மனிதர். வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். பாய் ஹாரன் அடித்தார், முன்னால் வண்டி எதுவும் இல்லை.

மூன்று மாதம் முடிந்த அன்று அக்கா சாரின் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "சார், ஐ ஆம் ஸ்பீக்கிங். யுவர் போர்டு இஸ் கரெக்ட்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்த மாடிக்கு வரவில்லை. பாய் துபாய் போய்விட்டார். எனக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் வேறு வேலை கிடைத்தது.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு காலை காசிமேட்டுக்குப் போயிருந்தபோது அக்காவைப் பார்த்தேன். கொண்டையில் நரை ஏறியிருந்தது. என்னைக் கண்டதும் சந்தோஷமாக இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் கத்தினார், நானும் கத்தினேன். பக்கத்துக் கடைப் பெண்கள் சண்டை என்று எழுந்து வந்தார்கள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பினேன்.

"சரிக்கா, போய்ட்டு வரேன்."

"எப்போ?"

கிளம்பும்போது எல்லோரும் சொல்கிறதுதானே அது? ஆனால் அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். நான் போனை எடுத்து நாள் பார்த்தேன். "வர்ற செவ்வாக்கெழம, காலைல டிபனுக்குக்கா" என்றேன்.

"சரி" என்று அடுத்த மீனை எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை போனேன், கொஞ்சம் தாமதமாக. அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் துடைத்துப் போட்டிருந்தது. அதன் மேல் மூடி போட்ட டீ டம்ளரும், எண்ணெய் ஊறிய ஒரு காலிப் பேப்பர் தட்டும் இருந்தன.

"டிபனுக்குன்ன. வெயில் இங்க ஏறிடுச்சி பாரு" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமலே. "வடை ரெண்டு வாங்கி வெச்சேன். ஆறிகினு இருந்திச்சி, துன்ட்டேன். டீ உன்னுதுதான், உக்காரு."